‘பரவால்ல’ சொல்லாத மேஸ்திரி

முதல் நாள் எங்கள் கடையின் நிலவறைக்குள் இறங்கியதும் அவர் செய்த காரியம், தரையில் குப்புறப் படுத்ததுதான். செருப்பை மேல்படியிலேயே விட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், வெறும் கான்கிரீட்டில் நெஞ்சு பட நீட்டிப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் போட்டுவிட்டதோ என்று நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"நடக்காதம்மா. கொஞ்ச நேரம் சும்மா நில்லு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

எழுந்தபோது ஒரு பக்கக் கன்னம் முழுக்க சிமெண்ட் தூசி. அதைத் துடைக்கவும் இல்லை.

"ஈரம் இருக்குது."

"தொட்டா காஞ்சிதானே இருக்குது மேஸ்திரி?"

"ஊரு பேருலதாம்மா காஞ்சி. தரை காயல."

சிரிக்காமல் சொன்னார். காஞ்சிபுரத்தில் அவர் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதைச் சொல்லியிருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

எங்களுடையது பட்டுப்புடவைக் கடை. தேர் ஓடும் தெருவில் பழைய வீட்டை இடித்துக் கட்டியது. மேலே வியாபாரம், கீழே நிலவறையில் சரக்கு. சரக்குக்கு நான் பொறுப்பு. அதற்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில், கீழ்த்தட்டில் இருந்த பதினோரு முகூர்த்தப் புடவைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஜரிகை கறுத்து, உடலெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள். எங்கும் தண்ணீர் தேங்கவில்லை, எதுவும் ஒழுகவில்லை. தரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஏறிய ஈரம் அது. முதலாளி சத்தம் போடவில்லை. எல்லார் எதிரிலும் என் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, "இன்னொரு தபா இப்படி ஆச்சின்னா எனக்கு வேற வழியில்லம்மா" என்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதெல்லாம், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

அதனால் அடுத்த ஆவணியில், முசரவாக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்து தரையைப் பார்க்கப் போகிறார் என்றதும் முதலாளியைவிட எனக்குத்தான் அவசரம்.

அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார். "யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தால், தாளின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர். முதலாளியைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்கு இன்னா பண்றது மேஸ்திரி?" என்றார் முதலாளி.

"மொதல்ல வெடிப்பெல்லாம் அடைக்கணும். பக்கத்து சந்துல மழைத்தண்ணி சுவத்தோரமா நிக்குது, அத்த வெளிய திருப்பி வுடணும். அப்புறம் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் பலகை."

"எத்தினி நாளு காத்திருக்கணும்?"

"அது சொல்லும்."

"எது?"

"தரைதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். இந்த ஆளை எங்கிருந்து பிடித்தோம் என்பதுபோல.

காத்திருந்தோம். நான்கு நாளுக்கு ஒருமுறை வருவார். தாளைப் பிரிப்பார், பார்ப்பார், வேறு இடத்தில் ஒட்டுவார், போவார். இரண்டாம் தடவை கால்வாசித் தாளில் மட்டும் நீர். நான் ஆசையாக, "இது பரவால்லதானே மேஸ்திரி?" என்றேன். முகத்தில் அடித்ததுபோல நிமிர்ந்து பார்த்தார்.

"ஈரம்னா ஈரம். காஞ்சிதுன்னா காஞ்சிது. நடுவுல அது இன்னா வார்த்தம்மா?"

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்வதே இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை நாம் சொல்கிற வார்த்தை. டீக்கடைக்காரர் சர்க்கரை போட மறந்துவிட்டால், குடித்து வைத்துவிட்டுப் பரவால்ல என்போம். அவர் எழுந்து போய், "சக்கர இல்லப்பா" என்று டம்ளரை நீட்டுவார். கோபமெல்லாம் இல்லை. செய்தி சொல்வதுபோல. ஒருநாள் புடவை மூட்டை தூக்குகிற ஆள் தெரியாமல் அவர் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சிக்கோ மேஸ்திரி" என்றான். இவர், "வலிக்குதுப்பா. பாத்துப் போ" என்றார்.

அவர் மனைவி ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தார். மேலே துணி மடிக்கிற இடத்தில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்ணுக்கு நிச்சயம் செய்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஓரிக்கையிலிருந்து வந்திருக்கிறார்கள். பொண்ணு நல்லா சமைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர், "கொழம்பு வெக்கும். ரசம் வராது" என்றிருக்கிறார்.

"அவ்ளோ பேரு முன்னாடி சொல்லிப்புட்டாரும்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. மாப்பிள்ளையோட அப்பா சிரிச்சிட்டாரு, பொழைச்சோம். வீட்டுக்கு வந்து, ஏன்யா இப்படின்னேன். கேட்டாங்க, சொன்னேன்றாரு. இந்த மனுசனோட முப்பது வருசமா குடும்பம் நடத்திக்கினு இருக்குறேன். பொடவ கட்டிக்கினு வந்து நல்லா இருக்குதான்னு ஒரு நாளும் கேட்டதில்ல, தெரியுமா? பயம்!"

சிரித்தார். ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை என்று தோன்றியது. அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாருமே கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தோம். நம்மைப் பற்றி ஏதாவது கேட்கப்பட்டு, அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று.

பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள் அவருக்கு ஆளுக்கொரு பழைய கதை கட்டினார்கள். கிணறு வெட்டும்போது தம்பியிடம் "பரவால்ல, எறங்கு" என்று சொல்லிவிட்டாராம், மண் சரிந்துவிட்டதாம் என்றார் ஒருவர். சென்னையில் ஒரு பெரிய வீட்டில் ஈரத்தோடு மரத்தரை போட்டு, அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டதாம் என்றார் இன்னொருவர். நான் ஒருநாள் அவரையே கேட்டுவிட்டேன்.

வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தவர் பூச்சுக் கரண்டியை நிறுத்தினார். "ஒண்ணும் நடக்கலம்மா" என்றார். "ஏதாச்சும் நடந்தாத்தான் ஒருத்தன் ஒழுங்கா இருக்கணுமா?"

புரட்டாசி பாதிக்கு மேல்தான் தாள் மூன்று இடத்திலும் காய்ந்தே வந்தது. அதற்கப்புறமும் நான்காவது இடத்தில் ஒட்டிப் பார்த்தார். முதலாளிக்கு அதற்குள் பொறுமை போய்விட்டிருந்தது. ஐப்பசி முகூர்த்தங்கள் வருகின்றன. சேலத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய குடும்பம், மூன்று பெண்களுக்கு ஒரே பந்தலில் கல்யாணம், உறவுக்கெல்லாம் சேர்த்துப் புடவை எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சரக்கு மொத்தமும் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் மூட்டையாகக் கிடந்தது.

பலகைகள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டடிச் சதுரம். மேலே அழுத்திய மரப்பலகை, அடியில் கறுப்பு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழ்கள். அந்தக் குமிழ்கள்தான் கான்கிரீட்டில் நிற்கும். பலகைக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓடும். "ஈரத்தோட சண்ட போடக்கூடாது. அதுக்கு வர வழி வுடணும், போக வழி வுடணும். பொடவைக்கு மட்டும் வழி வுடக்கூடாது" என்றார். ஒன்றின் விளிம்பு அடுத்ததின் ஓரத்தில் வெட்டிய காடியில் நுழையும்படி, ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்த்தார். சுவரில் எங்கேயும் முட்டவில்லை. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. அதற்குத் தன் சுண்டுவிரலையே விட்டுப் பார்ப்பார். முதல் இரண்டு நாள் நான் எண்ணிப் பார்த்தேன். எல்லாப் பலகைக்கும் விட்டுப் பார்த்தார்.

ஐப்பசி முதல் வாரம், புதன்கிழமை, கடைசி வரிசை. படிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி ஏழு பலகைகள். அன்று காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. முதலாளி மேலே படிக்கட்டின் வாயில் நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தார். "மேஸ்திரி, ரேக்கு வண்டி வந்துடுச்சி! ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க! ஆச்சா இல்லியா?" இவர் இடது மூலையில் முதல் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்தபடி ஒரு கணம் நின்றார். நான் எதிரில்தான் இருந்தேன். மேலேயிருந்து மறுபடி குரல் வந்தது. குனிந்து பலகையை வைத்துத் தட்டினார். மளமளவென்று வரிசை முடிந்தது. சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரோரம் நான்கு இரும்பு ரேக்குகள் ஏறி, அவற்றில் புடவைகளும் ஏறிவிட்டன.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தரையில் நடந்தார், சுத்தியல் காம்பால் அங்கங்கே தட்டினார், இடது மூலை ரேக்கின் அடியில் தட்டினார்.

"இங்க சத்தம் மாறுதும்மா. தொறந்து பாக்கணும்."

அந்த மூலைதான் வரிசையின் முதல் பலகை. அதை எடுக்க வேண்டுமென்றால் மற்ற முனையிலிருந்து ஏழு பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். அதற்கு நான்கு ரேக்கையும் காலி செய்து நகர்த்த வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சேலத்துக்காரர்கள். மூட்டைகள் இன்னும் பாதிக்கு மேல் மேலே கிடக்கின்றன.

"நாளானிக்குப் பாத்துக்கலாமே மேஸ்திரி?"

"இன்னைக்குப் பாக்கணும்."

என்னை நேராகப் பார்க்காமல் சொன்னார். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. முதலாளி ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார். மேஸ்திரி கை கழுவ வெளிக்குழாய்க்குப் போனபோது போன் செய்தேன். தரையில் ஏதோ சத்தம் என்று மேஸ்திரி வந்திருக்கிறார் என்று ஆரம்பித்தேன். "இன்னா சொல்றாரு?" என்றார் முதலாளி. பின்னால் நாயனச் சத்தம் கேட்டது.

திறக்க வேண்டும் என்கிறார் என்று சொல்ல என் வாய் வரவில்லை. மறுபடி அந்தச் சாவிக்கொத்து, மறுபடி அந்த டவுன் பஸ். நான் சொன்னேன், "ஒண்ணும் இல்லியாம். பரவால்லன்னு சொல்லிட்டாருங்க."

போனில் நாயனம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு? அவரா?"

"ஆமாங்க."

"அவரு அந்த வார்த்தைய சொன்னாரா?"

நான் வெளிக்குழாய்ப் பக்கம் பார்த்தேன்.

"போன அவராண்ட குடும்மா."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் போனை வாங்கினார். கேட்டார். என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற முகத்தோடு நின்றேன் என்று நினைக்கிறேன்.

"நான் அப்படி சொல்லலீங்க முதலாளி. அந்தம்மா பயத்துல சொல்லிடுச்சி. மூலைய தொறக்கணும்."

என் காதெல்லாம் எரிந்தது. முதலாளி கத்துவது வெளியே கேட்டது. வெள்ளிக்கிழமை முடியும் வரைக்கும் ஒரு பலகையைத் தொடக்கூடாது என்றார். இவர் "சரிங்க" என்றும் சொல்லவில்லை, "முடியாது" என்றும் சொல்லவில்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டு, கீழே இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். குறுகலான படி. அவர் உட்கார்ந்தால் மூட்டையோடு யாரும் இறங்க முடியாது.

"மேஸ்திரி, வழி வுடுங்க" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"தொறந்து பாத்துட்டு எறக்கலாம்."

"யோவ், எனக்குத் தோள் போவுது!"

"மேல வெச்சிட்டு நில்லுப்பா."

நான் இரண்டு படி மேலே நின்று, குரலைத் தாழ்த்தி, "ஏன் என்னை இப்படிக் காட்டிக் குடுத்தீங்க? உங்களுக்கு நான் இன்னா செஞ்சேன்?" என்று கேட்டேன்.

"காட்டிக் குடுக்கலம்மா. கேட்டாரு, சொன்னேன்."

"என் வேல போயிடும், தெரியுமா?"

அவர் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். மேலே மழை வலுத்தது. மூட்டை தூக்குகிற மூன்று பேரும் படியின் மேல்முனையில் குந்திக்கொண்டு திட்டினார்கள். அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

இரண்டரை மணிக்கு முதலாளி பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனம் காயாமல் வந்து இறங்கினார். படியில் நின்று, "எழுந்திரிய்யா" என்றார். இவர் எழுந்திருக்கவில்லை. "போலீஸக் கூப்பிடவா?" என்றார். "கூப்பிடுங்க. அவங்க வரதுக்குள்ள தொறந்து பாத்துடலாம்" என்றார் இவர். முதலாளி வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். மேஸ்திரியைத் தாண்டி ஒரு காலை வைத்தார். இவர் அந்தக் காலைப் பிடித்துவிட்டார். கும்பிடுவதுபோல இல்லை, நிறுத்துவதுபோல.

"ஒரு தடவ முதலாளி. ஒரே ஒரு தடவ."

அவர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. முதலாளி தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மேலே பார்த்து, "ரேக்க காலி பண்ணுங்கப்பா" என்றார்.

புடவைகளை இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ரேக்குகளை நடு அறைக்கு நகர்த்தினார்கள். வலது கோடியிலிருந்து முதல் பலகை கழன்று வந்தது. கீழே கான்கிரீட் வெளேரென்று காய்ந்திருந்தது. இரண்டாவதின் கீழும் காய்ந்திருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். முதலாளி ஒவ்வொரு பலகைக்கும் என்னை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தார். நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், கடைசி வரை காய்ந்தே இருக்க வேண்டும், இந்த ஆள் தோற்க வேண்டும் என்று. ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. நான்காவது, ஐந்தாவது. ஆறாவது பலகையின் கீழே கான்கிரீட் கறுத்திருந்தது.

ஏழாவதைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

மூலையில் இரண்டு கையளவு நீர் தேங்கி, விளிம்பு வரை பளபளத்தது. சுவரின் அடியில் கட்டைவிரல் நுழைகிற ஒரு துளை. அதிலிருந்து ஒரு வயர் வந்து, நீருக்குள் இறங்கி, மறுபடி ஏறிச் சுவரோரம் இருந்த ஈரம் இழுக்கும் மெஷினுக்குப் போனது. நீருக்குள் இருந்த இடத்தில் வயரில் ஒரு ஒட்டு. அதில் சுற்றிய டேப் பிரிந்து மிதந்தது.

"யாரும் நகராதீங்க" என்றார். இதுவரை கேட்டிராத குரல். "வயரு எப்ப வந்துச்சி இங்க?"

முந்தின நாள் சாயங்காலம், மேஸ்திரி போனபிறகு, ஈரம் இழுக்கும் புது மெஷினை மாட்ட எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். சுவரில் பட்டை அடித்து அதன்மேல் கொண்டுபோக வேண்டிய வயரை, இந்தத் துளை வழியாக நுழைத்து, பலகைக்கு அடியில் காற்றுக்கு விட்ட இடைவெளியில் தள்ளிவிட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி மரப்பலகையின் மேலேயே குந்தி, பையிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்து, நுனியை நீரில் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது.

முதலாளி பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினார். மெயின் நின்றது. நிலவறை இருண்டது. செல்போன் வெளிச்சத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரும்பு ரேக்கின் கால் நின்றிருந்த இடத்துக்கும் நீருக்கும் நடுவே நான்கு விரல்கூட இல்லை. அன்றைய மழை முழுக்கப் பெய்து முடித்திருந்தால் அந்த நான்கு விரலும் இருந்திருக்காது. புடவை இருக்கிற இடத்தில் எங்கள் கடையில் யாரும் செருப்புப் போடுவதில்லை. தினமும் காலையில் கீழே வந்து அந்த மூலை ரேக்கை முதலில் தொடுகிறவள் நான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி திரும்பி வந்து மேஸ்திரி தோளில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"முதலாளி, சத்தமெல்லாம் ஒண்ணும் மாறலீங்க. பொய்யி. நேத்து பலகை வெக்கும்போதே இந்த ஓட்டைய பாத்தேன். சுத்தி ஈரம் கட்டியிருந்துச்சி. அடைச்சிட்டு, ஒரு நாளு காயவெச்சி, அப்புறம்தான் வெக்கணும். நீங்க மேல நின்னு கூப்பிட்டீங்க. வெச்சிட்டேன்."

கையிலிருந்த டெஸ்டரைப் பைக்குள் போட்டார்.

"வாயால சொல்லல. மனசுல சொல்லிட்டேன் அந்த வார்த்தைய. வீட்டுக்குப் போயி சோறு எறங்கல."

அழவில்லை. ஆனால் முகம் ஒரே நாளில் வேறு ஆளுடையதாக ஆகிவிட்டிருந்தது. முதலாளி, "நானும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுய்யா. அடைச்சிட்டுப் போடு" என்றார். என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தைக் கேட்கவில்லை. வேலை போகவில்லை. மறுநாள் சேலத்துக்காரர்களுக்குப் புடவைகளை மூட்டைகளிலிருந்தே எடுத்துக் காட்டினோம். கீழ்த்தளம் பத்து நாள் திறந்தே கிடந்தது. எலக்ட்ரீஷியனை முதலாளி மாற்றிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நானும் மேஸ்திரியும் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். உயிரைக் காப்பாற்றியவர். ஆனாலும் மனசில் ஒரு கோபம் அடங்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"காலையில போன்ல உன்னோட பொய்ய ஒடனே சொல்லிட்டேன். என்னோடத சொல்ல சாயங்காலம் ஆச்சி" என்றார். "மொதல்ல என்னோடத சொல்லியிருந்தா உன்னோடத சொல்லியிருக்கவே வேணாம். அதான் தப்பு. நீ கேட்டியே, நான் இன்னா செஞ்சேன்னு. நீ ஒண்ணும் செய்யலம்மா."

செவிலிமேடு பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நான்கு மழைக்காலம் போய்விட்டது, ஒரு புடவையில் ஒரு புள்ளி விழவில்லை. ஆனால் அன்று ஒரு வார்த்தை பேசாமல் ஏறினதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் செய்தார். எங்கள் செவிலிமேட்டிலேயே புதிதாகக் கட்டிய ஒரு வீடு, நிலவறையில் பலகை போடுகிறாராம். "கடைசிப் பலகை வெக்கணும். ஒரு தடவ வந்து பாக்கிறியாம்மா?" என்றார். இப்போதெல்லாம் மூடுவதற்கு முன்னால் இன்னொரு ஆளையும் பார்க்கச் சொல்கிறாராம். அவர் மனைவிதான் வழக்கமாக வருவாராம், அன்று பெண் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"எனக்கு இன்னா தெரியும் மேஸ்திரி? அதுவும் நான் பொய் சொன்னவ."

"அதான். எப்ப பொய் வரும்னு உனக்கும் எனக்கும் தெரியும்."

போனேன். கொஞ்சம் இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மேலே வீட்டுக்காரர், சாமான் வண்டி வந்துவிட்டது என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரி பலகையைக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். நான் குந்தி, அந்த இரண்டடிச் சதுரத்தைப் பார்த்தேன். சுவரின் அடியைப் பார்த்தேன். புறங்கையை வைத்தேன், உள்ளங்கையை வைத்தேன். செல்போன் வெளிச்சத்தை ஒவ்வொரு ஓரத்துக்கும் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் மூன்றாம் தடவை கூப்பிட்டார். மேஸ்திரி மேலே பார்க்கவில்லை, என்னையும் அவசரப்படுத்தவில்லை. மறுபடி ஒருமுறை முதலிலிருந்து பார்த்தேன்.

"ஈரம் இல்லீங்க" என்றேன்.

அவர் குனிந்து பலகையை வைத்துத் தட்டி மூடினார்.